தன்மேல் சந்தேகம், ஓயாத யோசனை, சின்ன இலக்கு: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று நம் பக்கத்தில் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்பவர்களில் பலர் நல்ல திறமைசாலிகள். தன்மேல் இருக்கிற சந்தேகத்தாலேயே வருடக்கணக்கில் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். அதைப் பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை.

எனக்கு இருப்பது தன்னம்பிக்கைக் குறைவா, அதிக யோசனையா?

பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தேதான் வரும். ‘என்னால் முடியுமா?’ என்ற சந்தேகம் முதலில் எழும். அதற்குப் பதில் தேடி மனம் யோசிக்கத் தொடங்கும். ஆனால் அந்தக் கேள்விக்கு யோசித்துப் பதில் கண்டுபிடிக்க முடியாது. செய்து பார்த்தால்தான் பதிலே உருவாகும். செய்யாமல் யோசித்துக்கொண்டே இருந்தால் செக்குமாடு மாதிரி சுற்ற வேண்டியதுதான்: நடை ஓயாது, ஆனால் ஓர் அடி கூட முன்னே போயிருக்காது.

அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா இந்தச் சுற்றலைத்தான் பல வருடம் ஆராய்ந்தார். மனம் சோர்ந்திருக்கும்போது ‘எனக்கு ஏன் இப்படி?’ என்று அதையே கிளறிக்கொண்டிருப்பவர்களுக்குச் சோர்வு நீளுகிறது, பிரச்சினையைத் தீர்க்கும் திறனும் குறைகிறது என்று அவர் காட்டினார். ஏன் என்ற கேள்வியை விட்டுவிட்டு, அடுத்து என்ன, எப்போது, எப்படி என்று கேட்கப் பழகுவதுதான் வெளியே வருகிற வழி. இலக்கு வைப்பது இந்தக் கேள்விகளைக் கேட்க வைக்கிறது. அதனால்தான் அது உதவுகிறது.

யோசிக்கவே கூடாது என்று முடிவெடுத்துவிட்டால்?

நடக்காது. உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொன்னார்கள். கலந்துகொண்டவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்தத் தடையை எடுத்த பிறகு இன்னும் அதிகமாக நினைத்தார்கள்.

அதைவிட, கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குங்கள். தாமஸ் போர்கோவெக்கும் அவருடன் வேலை பார்த்தவர்களும் 1983-இல் சொன்ன முறை இது: தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு தாளில் குறித்துவிட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு முற்றத்துத் திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். காலையில் பெரிதாகத் தெரிந்த பாதி விஷயங்களுக்குப் பொருளே இருக்காது. மீதிப் பாதியில் எதற்கு என்ன செய்யலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். படுக்கையில் மட்டும் இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இலக்கு வைத்தால் பயம் கூடத்தானே செய்யும்? தோற்றுவிட்டால் இன்னும் மோசமாகிவிடாதா?

கூடும், இலக்கைத் தப்பாக வைத்தால். ‘கலெக்டர் ஆகணும்’, ‘இந்த வருடத்துக்குள் சொந்த வீடு’ என்ற மாதிரி இலக்குகள் ஏற்கெனவே சந்தேகத்தில் இருக்கிறவரை நசுக்கிவிடும். தினமும் காலையில் எழுந்ததும் இன்னும் அது நடக்கவில்லை என்றுதான் தெரியும்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதிய ஆய்வு இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார். தானே செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, நம் உடம்பின் படபடப்பையும் நிதானத்தையும் நாம் புரிந்துகொள்ளும் விதம். இந்த நான்கில் தானே செய்து முடித்ததுதான் வலுவானது. பாம்புக்கு நடுங்குகிறவர்களை வைத்து அவர் சோதித்தார். பிறர் பாம்பைக் கையாள்வதைப் பார்த்தவர்களுக்கும் பயம் குறைந்தது. துணையோடு படிப்படியாகப் பாம்பைத் தாங்களே தொட்டுப் பழகியவர்களுக்கு இன்னும் நன்றாகக் குறைந்தது.

ஆகவே நாம் இலக்கு வைப்பது பெரிய மனிதராக ஆவதற்கு இல்லை, இப்போதைக்கு. ‘செய்தேன்’ என்று சொல்ல ஒரு சாட்சியம் வேண்டும், அதற்காக. தன்னம்பிக்கை வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவர்கள் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். தைரியமாகப் பேசும் காணொளிகளை இரவெல்லாம் பார்ப்பது ஒரு நாள் தாங்கும். ஒரு பாடத்தை முடித்துப் புத்தகத்தை மூடிய நினைவு நெடுநாள் நிற்கும்.

சரி, எந்த மாதிரி இலக்கு வைக்க வேண்டும்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, அது உங்கள் கையில் இருக்க வேண்டும். குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்வோம். 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் 100 கேள்வி தமிழ். ‘பாஸ் ஆகணும்’ என்பது உங்கள் கையில் மட்டும் இல்லை. எத்தனை இடம், எத்தனை பேர் எழுதுகிறார்கள், கேள்வித்தாள் எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ‘காலை 6 முதல் 7 வரை பள்ளித் தமிழ்ப் புத்தகத்தில் ஓர் இயல், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பழைய கேள்விகள் 25’ என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. படுக்கும்போது செய்தோமா இல்லையா என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியும். அந்த ஒரே வார்த்தை அதிகமாக யோசிக்கிறவருக்குப் பெரிய நிம்மதி.

இரண்டாவது, தெளிவாக இருக்க வேண்டும். இலக்கு வைப்பதை ஆராய்ந்த எட்வின் லாக் 1968-லேயே இதை எழுதினார்: ‘முடிந்தவரை செய்’ என்று சொல்வதைவிட, குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்கு நல்ல பலன் தருகிறது. கேரி லேதமும் இன்னொருவரும் 1975-இல் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிகளில் இதைச் சோதித்தார்கள். சட்டம் அனுமதிக்கும் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 94 சதவீதம் என்று ஓர் எண்ணைச் சொன்னதும் மூன்றாவது மாதத்தில் 90-ஐத் தாண்டிவிட்டது. ‘நல்லா ஏத்துங்கப்பா’ என்று அதற்கு முன்னால் சொன்னபோதெல்லாம் மாறவில்லை.

மூன்றாவது, புதிதாகக் கற்கிற வேலை என்றால் எண்ணிக்கையை இலக்காக வைக்காதீர்கள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வேலை இன்னும் கைவராத நேரத்தில் எண்ணிக்கையைத் துரத்தினால் பதற்றம்தான் மிஞ்சும். அந்தக் கட்டத்தில் ‘இதைக் கற்றுக்கொள்கிறேன்’ என்ற இலக்கே நல்லது என்று லேதமின் பிந்தைய ஆய்வுகளும் காட்டின. ஆத்தங்குடியில் பூக்கல் (பூ வேலை செய்த தரைக்கல்) போடக் கற்கிற பையனை நினைத்துப் பாருங்கள். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, அறைகளில் நிறக்கலவை ஊற்றி, அச்சை எடுத்து, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட வேண்டும். முதல் வாரத்திலேயே ‘ஒரு நாளைக்கு இத்தனை கல்’ என்று வைத்தால் நிறம் ஒன்றோடொன்று கலந்து எல்லாம் வீணாகும், அவனும் தனக்கு இந்த வேலை வராது என்று முடிவு கட்டிவிடுவான். ‘இந்த வாரம் நிறம் கோட்டைத் தாண்டாமல் ஊற்றக் கற்கிறேன்’ என்று வைத்தால் அவன் தேறுவான். எண்ணிக்கை அப்புறம் தானாக வரும்.

நான்காவதாக ஒன்று உண்டு, அளவு. மோசமான நாளிலும், காய்ச்சல் வந்த நாளிலும்கூட செய்ய முடிகிற அளவுக்கு முதல் இலக்கு சின்னதாக இருக்கட்டும்.

எத்தனை நாளுக்கு வைப்பது? 21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

அந்த 21 நாள் கணக்குக்கு ஆதாரம் இல்லை. லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவும் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக வருகிற பழக்கமாக ஆவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைகூடக் கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. 22-ஆம் நாள் இன்னும் கஷ்டமாக இருந்தால் உங்களிடம் குறை இருப்பதாக நினைக்க வேண்டாம்.

ஆனாலும் முதல் சுற்றுக்கு 21 நாள் நல்ல அளவு என்றே நான் சொல்வேன். நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. திருக்கார்த்திகைக்கு மறுநாள் தொடங்கி 21 நாள், தினம் ஓர் இழை எடுத்து வைத்து, கடைசி நாளில் 21 இழையையும் திரியாக்கி மாவில் வைத்து ஏற்றி, அதை உட்கொள்வார்கள். பக்தி தனி. அதில் இருக்கிற ஒழுங்கைக் கவனியுங்கள்: தொடக்கம் தெரியும், முடிவு தெரியும், ஒவ்வொரு நாளுக்கும் கண்ணால் பார்க்கிற ஓர் அடையாளம் இருக்கும். உங்கள் இலக்குக்கும் அப்படி ஓர் அடையாளம் வையுங்கள். நாட்காட்டியில் ஒரு கோடு போதும்.

அஞ்சு வருடத் திட்டம், பத்து வருடத் திட்டம் எல்லாம் போட வேண்டாமா?

திசை தெரிந்தால் போதும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கடைக்குப் போன நம் பெரியவர்களின் முறையைப் பாருங்கள். ஒரு தடவை போனால் மூன்று வருடக் கணக்கு. பெட்டியடிப் பையனாக (கடையில் எடுபிடி வேலை) சேர்ந்து, அடுத்தாளாகி (மேலாளுக்கு அடுத்த நிலை), மேலாளாக (கடையை நடத்துபவர்) வர இப்படிப் பல கணக்கு ஆகும். சேர்ந்த அன்றைக்கே யாரும் அவர்களை மேலாளாக நடந்துகொள்ளச் சொல்லவில்லை. அன்றைய வரவு செலவு அன்றைக்கே ஏட்டில் ஏற வேண்டும். காலம் முடிந்ததும் ஐந்தொகை (மொத்த வரவு செலவுக் கணக்கு) எடுத்துப் பார்த்து, ஊருக்கு வந்து இருந்துவிட்டு, அடுத்த கணக்குக்குப் போவார்கள்.

நமக்கு அதே மாதிரி ஒரு திசை, அதற்குள் மூன்று மாதத்துக்கு ஓர் இலக்கு, அதற்குள் இன்றைய வேலை. இதற்கு மேல் திட்டம் போடுவது, நம்மில் பலருக்கு, யோசனையின் இன்னொரு வேஷம். புது நோட்டு, நாலு கலர் பேனா, மூன்று செயலி என்று வாங்கி, அட்டவணையை மட்டும் அழகாகப் போட்டுக்கொண்டிருந்தால் உடனே நிறுத்திவிட்டு முதல் பக்கத்தைப் படிக்கத் தொடங்குங்கள்.

இலக்கு இருக்கிறது, தொடங்கத்தான் முடியவில்லை.

எப்போது, எங்கே என்று முடிவு செய்திருக்க மாட்டீர்கள். பீட்டர் கோல்விட்சர் 1990களில் பரிந்துரைத்த வாக்கிய அமைப்பு இதற்கு உதவும்: ‘இது நடந்தால், நான் இதைச் செய்வேன்.’ காப்பி குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும் மாடி அறையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பேன். ‘நமக்கெல்லாம் இது வருமா’ என்ற நினைப்பு வந்தால் அந்தப் பக்கத்தின் அடுத்த பத்தியைச் சத்தமாகப் படிப்பேன். சந்தேகத்துக்கே ஒரு வேலையை ஒதுக்கிவிட்டால் அது வரும்போது நீங்கள் திகைக்க மாட்டீர்கள்.

இன்னொன்றும் உண்டு. முடிக்காத வேலை மனசுக்குள் வந்து வந்து தொந்தரவு செய்யும். அதை எப்போது எப்படிச் செய்வது என்று தெளிவாக எழுதி வைத்தாலே, வேலை முடியாவிட்டாலும் அந்தத் தொந்தரவு குறைகிறது என்று மசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011-இல் காட்டினார்கள். ராத்திரி தூக்கம் வராமல் நாளைய வேலைகளை நினைத்துப் புரள்கிறவர்கள் படுக்கப் போகுமுன் இதைச் செய்து பாருங்கள்.

பலகாரம் போட்டு விற்க ஆசை. ஆனால் யார் வாங்குவார்கள், ஊரில் என்ன பேசுவார்கள் என்று மூன்று வருடமாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆச்சி, நீங்கள் ‘தொழில் தொடங்கலாமா?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அது மிகப் பெரிய கேள்வி, எங்கே தொட்டாலும் பயம் வரும். அதை ஓரமாக வைத்துவிட்டு இதை மட்டும் செய்யுங்கள்: வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கிலோ மனகோலமும் ஒரு கிலோ சீப்புச் சீடையும் போட்டு, சொந்தக்காரர் அல்லாத ஐந்து வீடுகளுக்கு விலை சொல்லிக் கொடுங்கள். இலவசமாகக் கொடுக்க வேண்டாம். இலவசம் என்றால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பார்கள், உங்கள் சந்தேகம் அப்படியே இருக்கும். மாவு, எண்ணெய், வெல்லம், கேஸ், உங்கள் நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். காசு கொடுத்து வாங்கியவரில் எத்தனை பேர் மறுபடி கேட்டார்கள் என்று எழுதுங்கள்.

மூன்று வருட யோசனையில் கிடைக்காத தகவல் ஒரே வாரத்தில் கையில் இருக்கும். யாரும் மறுபடி கேட்கவில்லை என்றாலும் அதுவும் தகவல்தான்: பக்குவமா, விலையா, கட்டிக்கொடுத்த விதமா என்று அடுத்த வாரம் ஒன்றை மாற்றிப் பார்க்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவை மட்டும் விற்கத் தொடங்குமுன் செய்துவிடுங்கள். பெயர் வைப்பது, பெட்டி அச்சடிப்பது எல்லாம் அதற்கப்புறம், விற்பனையைப் பெரிதாக்குமுன். ஊர் பேசுவதைப் பற்றி, நாலு நாள் பேசும். அதற்குள் நீங்கள் இரண்டாவது ஆர்டரில் இருப்பீர்கள்.

இலக்கை வீட்டில், நண்பர்களிடம் சொல்லலாமா?

ஒருவரிடம் சொல்லுங்கள், ஊருக்குச் சொல்லாதீர்கள். கோல்விட்சர் குழுவே 2009-இல் இன்னொன்றைக் கண்டது: ‘நான் இப்படிப்பட்டவராக ஆகப் போகிறேன்’ என்று பிறரிடம் சொல்லி அவர்கள் அதைக் கவனித்துவிட்டாலே, பாதி ஆகிவிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்து, உழைப்பு குறைகிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் ‘ஐஏஎஸ்-க்குப் படிக்கிறேன்’ என்று சொல்வதால் வருகிற மரியாதை அப்படிப்பட்டது. அதற்குப் பதிலாக, உங்கள்மேல் அக்கறை உள்ள ஒருவரிடம் ‘சனிக்கிழமை ராத்திரி, இந்த வாரம் எத்தனை நாள் செய்தேன் என்று உங்களிடம் சொல்வேன்’ என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

எங்கள் ஐயா காலத்தில் அவ்வளவு பெரிய வீடு கட்டினார்கள். நான் ஒரு வேலைக்கே தடுமாறுகிறேன்.

இந்தப் பாரம் நம் ஊருக்கே உரியது. தேக்குத் தூண்களையும் இரண்டாம் கட்டையும் தாண்டித்தான் தினமும் வெளியே போக வேண்டியிருக்கிறது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நாம் பார்ப்பது ஜெயித்தவர்களின் வீடுகளை. கணக்கில் நொடித்துப் போனவர்கள், கப்பலேறித் திரும்பாதவர்கள், 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள், இவர்களுக்கெல்லாம் தெருவில் மாளிகை நிற்காது. அவர்கள் குறைந்தவர்களா? உங்கள் ஐயாவும் எத்தனையோ ராத்திரி ரங்கூனில் விழித்துக்கொண்டு கிடந்திருப்பார். அதை யாரும் சுவரில் எழுதி வைக்கவில்லை. அவருடைய முடிவை உங்கள் தொடக்கத்தோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்கு முந்தைய உங்கள் நோட்டைப் புரட்டுங்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எல்லோரும் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். எப்படியோ தப்பித் தவறி இடம் கிடைத்துவிட்டது என்று தோன்றுகிறது.

1978-இல் பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இந்த உணர்வைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்தது நன்றாகச் சாதித்த பெண்களை. பட்டமும் பாராட்டும் பெற்ற பிறகும், தங்களை ஏமாற்றுக்காரர்களாகவே உணர்ந்தார்கள். ஆக, அந்த உணர்வு வருவதால் தகுதி இல்லை என்று ஆகிவிடாது.

வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். சென்னைக்குப் போய்ப் படிக்க வழியில்லாத பிள்ளைகளுக்கும் இங்கே படிப்பு வந்தது அப்படித்தான். நீங்கள் தவறி வந்துவிடவில்லை, அம்மா. உங்களைப் போன்றவர்கள் வருவதற்காகத்தான் இந்தக் கல்லூரிகள் இங்கே இருக்கின்றன. உங்களுக்கு இந்த வார இலக்கு: புரியாத ஒரே ஒரு விஷயத்தை எழுதிக்கொண்டு போய் ஆசிரியரிடம் கேட்பது. ஒன்று போதும்.

இரண்டு வாரம் நன்றாகச் செய்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். நான் இப்படித்தான்.

முன்னே சொன்ன லாரிக்காரர்கள் முதல் மாதம் 80 சதவீதத்துக்கு ஏறி, இரண்டாம் மாதம் 70-க்கு இறங்கினார்கள். மூன்றாம் மாதம்தான் 90-ஐத் தாண்டினார்கள். இரண்டாம் மாதத்தோடு கணக்கை மூடியிருந்தால் இது நடக்காது என்று எழுதியிருப்பார்கள். இறங்கின இடத்தில் இலக்கைப் பாதியாக்கி நாளைக்கே மறுபடி தொடங்குங்கள். ஏன் விட்டோம் என்று ஆராய்ச்சி வேண்டாம். எந்த நாள், என்ன நேரம், என்ன குறுக்கே வந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பிள்ளையார்பட்டிக்குப் போய் வேண்டிக்கொண்டால் மனசு லேசாகிறது. அது போதாதா?

தாராளமாகப் போய் வாருங்கள். அந்த லேசான மனசோடு வீட்டுக்கு வந்து, அன்றைய வேலையையும் செய்துவிடுங்கள்.

இது எப்போது இலக்கு வைத்துச் சரியாகிற விஷயம் இல்லை?

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்தே இருக்கிறது, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லை, நெஞ்சு படபடப்பு அடிக்கடி வருகிறது, ஒரே நினைப்பு விடாமல் வருகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போகத் தயக்கம் என்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே அழையுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

என் மகன் எதற்கும் முடிவெடுக்காமல் அறைக்குள்ளேயே இருக்கிறான். நான் என்ன சொல்ல வேண்டும்?

‘உன்னால் முடியும்ப்பா’ என்று திரும்பத் திரும்பச் சொல்வதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பண்டூரா சொன்ன நான்கில் வார்த்தை பலவீனமான வழி. பக்கத்து வீட்டுப் பையன் சிங்கப்பூர் போனதைச் சொன்னால் கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்தும். சாப்பிடும் நேரத்தில் ஒரே ஒரு சின்ன வேலையை, அவனுக்குக் கைவந்த வேலையை, நம்பி ஒப்படையுங்கள். மின்கட்டணம் கட்டுவது, அப்பத்தாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது மாதிரி. ‘எத்தனை மணிக்குப் போகிறாய்?’ என்று மட்டும் கேளுங்கள். போய் வந்ததும் பெரிதாகப் புகழ வேண்டாம், அங்கே என்ன நடந்தது என்று விசாரித்துக் கேளுங்கள். அடுத்த வாரம் இன்னொன்று. அப்படியும் அவன் குளிப்பது, சாப்பிடுவது, பேசுவது எல்லாம் குறைந்துகொண்டே போனால் மேலே சொன்ன எண்ணை அவனுக்காக நீங்களே அழைக்கலாம். குடும்பத்தாரும் பேசி ஆலோசனை கேட்கலாம்.